நாச்சியார்கோவிலிலிருந்து நடிக்கப் போகும் வழி

சாயங்காலம் ஆறே முக்காலுக்குத்தான் அழைப்பு வரும். மறுநாள் வரவேண்டிய ஆள் வரமாட்டார் என்று தெரிந்து, உதவி இயக்குநர்கள் பதறிக்கொண்டு பட்டியலைப் புரட்டும் நேரம் அது. "அம்மா, நாளைக் காலை பத்து மணிக்கு வடபழனியில் இருக்க முடியுமா?" என்று ஒரு பையன் கேட்பான். அந்த நேரத்தில் நான் யாருடைய ரவிக்கைக்காவது கொக்கி தைத்துக்கொண்டிருப்பேன். "வந்துவிடுகிறேன் தம்பி" என்று சொல்லிவிட்டு, மிச்சக் கொக்கியையும் தைத்து, மிஷினுக்கு உறை போட்டுவிட்டுக் கிளம்புவேன்.

எனக்கு 49 வயது. கும்பகோணம் பக்கத்து நாச்சியார்கோவிலில் தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரருக்குக் குத்துவிளக்குப் பட்டறையில் கடைசல் வேலை. ஏழு வருடமாக நடிக்கிறேன். அம்மா, பெரியம்மா, சத்துணவு ஆயா, சாவு வீட்டில் ஒப்பாரி வைப்பவள், ஒரே ஒரு முறை நீதிபதி. தெருவில் யாரும் என்னை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் வருடத்தில் இருபது இருபத்தைந்து நாள் கேமராவுக்கு முன்னால் நிற்கிறேன், அதற்குச் சம்பளமும் வாங்குகிறேன். சென்னைக்குக் குடிபோகாமல் இது எப்படி முடிகிறது என்று தாராசுரத்திலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் ஆட்கள் வந்து கேட்கிறார்கள். குடிபோயிருந்தால் முடிந்திருக்காது என்பதுதான் என் பதில். அங்கே வாடகைக்கு உழைப்பதிலேயே என் உயிர் போயிருக்கும். கும்பகோணத்துக்கும் சென்னைக்கும் சுமார் 300 கிலோமீட்டர், அதாவது ஓர் இரவு. அந்த ஓர் இரவை எப்போதும் தயாராக வைத்திருப்பது எப்படி என்றுதான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் சோறு. வளைகிற தொழில் ஒன்று கையில் இருக்க வேண்டும். தையல் வளையும், டியூஷன் வளையும், அண்ணன் தம்பியோடு சேர்ந்து நடத்தும் கடை வளையும். மாதத்தில் இரண்டு நாளுக்கு மேல் விடுப்புத் தராத வேலையில் இருந்துகொண்டு நடிப்பைத் துரத்தினால் இரண்டும் கையை விட்டுப் போகும். வளைகிற தொழிலுக்கும் வளையாத நாட்கள் உண்டு. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் என்னை யார் கூப்பிட்டாலும் போகமாட்டேன். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். வரமுடியாது என்று ஒரு மாதம் முன்பே சொல்பவரை மறுபடி கூப்பிடுவார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் காலையில் போனை அணைத்து வைப்பவரைக் கூப்பிடமாட்டார்கள்.

அப்புறம் கற்றுக்கொள்வது. எம்.ஜி.ஆர். கும்பகோணம் ஆனையடிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சிறுவயதில்தான் நாடகக் கம்பெனிக்குப் போனார். எம்.கே. தியாகராஜ பாகவதர் பிறந்தது மாயவரத்தில். அந்தக் காலத்தில் கம்பெனியே ஊர் ஊராக வந்து கொட்டகை போட்டது, பையன்களுக்குச் சோறும் போட்டு வாத்தியாரையும் வைத்தது. இப்போது கொட்டகை இல்லை, நாம்தான் தேடிப் போக வேண்டும். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறை இருக்கிறது. மயிலாடுதுறைக்காரர்களுக்குப் புதுச்சேரி பக்கம். அங்கே பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. மாயவரம் பக்கத்துப் புஞ்சையில் பிறந்த ந. முத்துசாமி 1977இல் சென்னையில் தொடங்கிய நாடகக் குழு கூத்துப்பட்டறை. பசுபதியும் குரு சோமசுந்தரமும் அங்கிருந்து வந்தவர்கள்தான். திருச்சி வானொலி 1939இலிருந்து இயங்குகிறது. வானொலி நாடகத்துக்குக் குரல் தேர்வு வைத்துக் கலைஞர்களைத் தரம் பிரிக்கும் வழக்கம் உண்டு. முகம் சரியில்லை என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள்.

இவை எதிலும் நான் படிக்கவில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் மெலட்டூர். நரசிம்ம ஜயந்திக்கு அங்கே பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் நடக்கும். தெலுங்கில் பாடுவார்கள், பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுவார்கள், இரவு தொடங்கினால் விடியும்வரை போகும். எனக்குத் தெலுங்கில் ஒரு சொல் தெரியாது. பிரகலாதன் கதை என்பதால் அடுத்து என்ன என்று தெரியும், அவ்வளவுதான். போன முதல் வருடம் பிரகலாதனின் அம்மா லீலாவதியாக வந்தவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மகனைக் கொல்லச் சொல்லும் புருஷனிடம் அவர் கெஞ்சும்போது, புடவைத் தலைப்பைப் பிடித்திருந்த கை மெல்ல மெல்ல இறுகியது. முகம் பேசுவதற்கு முன்பே கை பேசிவிட்டது. முப்பது வருடம் புடவை கட்டிய எனக்குத் தலைப்பால் பேசலாம் என்று காட்டியவர் ஓர் ஆண். சொல் புரியாத நாடகத்தை ஒருமுறை விடிய விடிய உட்கார்ந்து பாருங்கள். எதைப் பார்த்து உங்களுக்குப் புரிந்ததோ அதுதான் நடிப்பு.

இனி வீடியோ. உங்களுக்கு வேலை வாங்கித் தருவது பெரும்பாலும் இதுதான். முன்பு ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார்கள். இப்போது இரண்டு பக்க வசனத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "நாளைக்குள் பேசி அனுப்புங்கள்" என்கிறார்கள். நாச்சியார்கோவிலும், சென்னையில் சினிமாக்காரர்கள் இருக்கும் சாலிகிராமமும் ஒரே தூரத்தில் இருப்பது இந்த ஓர் இடத்தில்தான். ஆனால் நம் ஊர்க்காரர்கள் இதைத்தான் கெடுக்கிறார்கள். கல்யாண மண்டபத்து வீடியோ மாதிரி பின்னணி இசை போட்டு, பூ பறக்கவிட்டு அனுப்புகிறார்கள். உங்கள் கண்ணும் குரலும் மட்டும் தெரிந்தால் போதும்.

என் ஏற்பாட்டைச் சொல்கிறேன். மிஷின் போட்டிருக்கும் ஜன்னல் வடக்குப் பார்த்தது, நேர் வெயில் விழாது. ஜன்னலுக்கு முகம் காட்டி உட்காருவேன். எனக்குப் பின்னால் சாம்பல் நிற லைனிங் துணி இரண்டரை மீட்டர், சுருக்கம் போக இஸ்திரி போட்டு ஆணியில் தொங்கும். வெள்ளைச் சுவர் வேண்டாம், கருத்த முகத்தை அது இன்னும் இருட்டாக்கிவிடும். சரிகைப் புடவை கூடாது. பொடிக் கட்டம் போட்ட துணி கேமராவில் நெளியும். போனைப் படுக்கைவசமாக, கண் உயரத்துக்கு ஸ்டாண்டில் வைத்து, பின்பக்கக் கேமராவால் எடுக்க வேண்டும். மார்புக்கு மேல் தெரிந்தால் போதும். லென்ஸைப் பார்த்துப் பேசாதீர்கள். லென்ஸுக்குப் பக்கத்தில் நாலு விரல் தள்ளி, ஸ்டாண்டில் தையல் சாக்பீஸ் துண்டு ஒன்றை ஒட்டிவைத்திருக்கிறேன். என் மகன், மருமகள், எதிரி எல்லாம் அந்தச் சாக்பீஸ்தான்.

சத்தம்தான் பெரிய தொல்லை. எங்கள் தெருவில் நாலு பட்டறை. கடைசல் மிஷின் ஓடும்போது என் மகன் செத்த செய்திகூட யாருக்கும் கேட்காது. மதியம் ஒன்றிலிருந்து இரண்டுவரை சாப்பாட்டுக்கு நிறுத்துவார்கள். என் ஸ்டுடியோ அந்த ஒரு மணி நேரம்தான். மின்விசிறியை அணைத்துவிட வேண்டும். வியர்க்கும், வியர்க்கட்டும், கிராமத்து அம்மாவுக்கு வியர்வை பொருத்தமே. எதிர்ப்பேச்சு வசனத்தை எதிர்வீட்டுப் பெண் படிப்பாள். அவளைப் போனுக்கு இரண்டடி பின்னால் உட்காரவைத்து, மெல்லப் படிக்கச் சொல்வேன். போனுக்கு ஒட்டி நின்று படித்தால் அவள் குரல்தான் பெரிதாகக் கேட்கும், அவளுக்கே வாய்ப்புக் கிடைத்துவிடும். செய்தி வாசிப்பதுபோல் படிக்கிறாள் என்று முதலில் வருத்தப்பட்டேன். இப்போது அதுவே வசதியாக இருக்கிறது, என்மேல் அவள் எதையும் ஏற்றுவதில்லை.

ஒரு வீடியோ பற்றி மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும். காட்சி இதுதான். பையன் நிலத்தை விற்றுவிட்டு வந்து நிற்கிறான். அம்மாவுக்கு ஒரே வசனம்: "யாரைக் கேட்டு விற்றாய்?" முதல் தடவை கத்தினேன். எதிர்வீட்டுப் பெண் பயந்துபோனாள், எனக்குத் திருப்தி. பட்டறை தொடங்க இன்னும் பத்து நிமிடம் இருந்ததால், இருக்கட்டும் என்று இன்னொன்று எடுத்தேன். சும்மா பேசாமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே பேசலாம் என்று தோன்றியது. வீடியோவுக்காகக் கண்ணாடியைக் கழற்றியிருந்தேன். வெள்ளெழுத்து. நூலை எச்சில் தொட்டுக் கூராக்கிக் கோத்தேன், நுழையவில்லை. இரண்டாம் முறையும் நுழையவில்லை. அந்த எரிச்சலில், தலையைத் தூக்காமலே, "யாரைக் கேட்டு விற்றாய்?" என்று நூலிடம் கேட்டுவிட்டேன். இரண்டையும் அனுப்பினேன். மூன்றாம் நாள் அழைத்தார்கள். "அந்த ஊசி யோசனை எப்படி வந்தது அம்மா?" என்று உதவி இயக்குநர் கேட்டார். கண் தெரியவில்லை என்று நான் சொல்லவில்லை. அன்றிலிருந்து எந்த வசனத்துக்கும் கையில் ஒரு வேலை வைத்துக்கொள்கிறேன்.

எத்தனை முறை எடுத்தாலும் இரண்டுக்கு மேல் அனுப்பாதீர்கள், இரண்டும் வேறு வேறாக இருக்கட்டும். தனி வீடியோ ஒன்றில் பெயர், வயது, உயரம், ஊர், தெரிந்த மொழிகள் சொல்லி, நேர்முகமும் இரண்டு பக்கவாட்டும் காட்டுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுங்கிப்போகும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். கோப்பின் பெயரிலேயே உங்கள் பெயரும் போன் எண்ணும் இருக்க வேண்டும். புகைப்படம் நாலு போதும், ஒப்பனை இல்லாமல், இந்த வருடம் எடுத்தது. பத்து வருடத்துக்கு முந்தைய ஸ்டுடியோ படத்தைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டு, நேரில் பார்த்துத் திருப்பி அனுப்பிய கதைகள் எனக்குத் தெரியும்.

வேலை எங்கே இருக்கிறது? சென்னையில் மட்டும் இல்லை. கார்த்திகை, மார்கழியில் சம்பா பச்சை கட்டி நிற்கும்போது கும்பகோணம், தஞ்சாவூர், தரங்கம்பாடிப் பக்கம் படப்பிடிப்பு யூனிட் வரும். வறட்சி வேண்டுமென்றால் சித்திரையில் வருவார்கள், மேட்டூர்த் தண்ணீர் வருவதற்கு முன்னால். யூனிட் வருவது முதலில் யாருக்குத் தெரியும் என்று நினைக்கிறீர்கள்? லாட்ஜ் ரிசப்ஷனில் இருப்பவருக்கு, வேன் ஓட்டுபவருக்கு, சமையல் காண்டிராக்ட் எடுப்பவருக்கு. நூறு பேர் சாப்பாட்டுக்குப் பத்து நாள் முன்பே பேசிவிடுவார்கள். எங்கள் பக்கத்துச் சமையல்காரர் வீட்டுப் பெண்களுக்கு நான்தான் ரவிக்கை தைக்கிறேன். கூலியில் ஐந்து ரூபாய் குறைத்ததில்லை, ஆனால் சொன்ன தேதிக்குக் கொடுத்துவிடுவேன். அவர்தான் எனக்கு முதல் தகவல்.

யூனிட் வந்ததும் போய்க் கூட்டத்தில் நிற்கலாம், தவறில்லை. நானும் ஒரு நாள் 500 ரூபாய்க்குத் திருவிழாக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். ஆனால் கூட்டத்துக்கு ஆள் கொண்டுவரும் ஏஜெண்டிடம் வசன வேடம் கேட்டுப் பயனில்லை, அது அவர் கையில் கிடையாது. உதவி இயக்குநர்களில் யார் நடிகர்களைக் கவனிக்கிறார் என்று விசாரித்து, சாப்பாட்டு இடைவேளையில் ஒரு நிமிடம் மட்டும் பேசி, எண்ணைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அவர் அடுத்த படத்தில் இணை இயக்குநர் ஆவார், அதற்கடுத்து இயக்குநரே ஆகலாம். எனக்குக் கிடைத்த வேலைகளில் பாதி இப்படி வந்தது. மீதியில் ஒரு பங்கு, தஞ்சாவூரிலும் திருச்சியிலும் காட்சித் தொடர்பியல் படிக்கும் பிள்ளைகளின் குறும்படம். சம்பளம் கிடையாது, பிரியாணி உண்டு. எடுத்த காட்சியை ஒரு மாதத்துக்குள் தருவதாக ஒப்புக்கொண்டால் மட்டும் போகிறேன், அடுத்த கம்பெனிக்குக் காட்ட அதுதான் எனக்குக் கூலி.

நம் பேச்சையும் மறைக்காதீர்கள். படங்களில் மதுரைப் பேச்சு கேட்கிறது, கோவைப் பேச்சு கேட்கிறது, நெல்லைப் பேச்சு கேட்கிறது. தஞ்சாவூர்ப் பேச்சு என்றால் அக்கிரகாரம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பாயி, அத்தாச்சி, வெஞ்சனம், கொல்லை என்று நாம் பேசுவதற்கு அங்கே ஆள் இல்லை. ஒரு தொடரில் "பொரியல்" என்று எழுதியிருந்ததை "வெஞ்சனம்" என்று சொல்லலாமா என்று கேட்டேன். இயக்குநர் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, எழுத்தாளரிடம் திரும்பி மாற்றச் சொன்னார். கேட்டுவிட்டு மாற்றுங்கள். கேட்காமல் மாற்றினால் எடுத்ததையே திரும்ப எடுக்க வேண்டிவரும், திட்டும் கிடைக்கும்.

அழைப்பு வந்ததும் குதிக்காமல் கேட்க வேண்டியவை: எந்தக் கம்பெனி, இயக்குநர் யார், எத்தனை நாள், வசனம் உண்டா, எவ்வளவு, என்றைக்குக் கிடைக்கும், பயணமும் தங்குவதும் யார் செலவு, புடவை அவர்களுடையதா என்னுடையதா. பேசி முடித்ததும் அதையே வாட்ஸ்அப்பில் நாலு வரியாக எழுதி அனுப்புவேன். "ஓகே அம்மா" என்று பதில் வந்தால் அதுவே எனக்குப் பத்திரம். பான் அட்டை, வங்கிக் கணக்கு எண் போனிலேயே இருக்கட்டும். வரி பிடித்தம் செய்திருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். வவுச்சரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் தொகையைப் படியுங்கள்.

நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் தஞ்சாவூரில் ஒரு ஓட்டல் மாடியில் நடிகர் தேர்வு என்றார்கள். நாற்பது பேர் போயிருந்தோம். எல்லாருமே தேர்வாகிவிட்டோம், அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அடையாள அட்டைக்கும் பதிவுக்கும் சேர்த்து 6,500 ரூபாய் கட்டினேன். பளபளவென்று லேமினேஷன் போட்ட அட்டை வந்தது. தீபாவளிக்குள் அந்த எண் உயிரோடு இல்லை. நிஜக் கம்பெனி நமக்குப் பணம் கொடுக்கும், நம்மிடம் கேட்காது. முதல் வேடத்துக்கே அட்டை கட்டாயம், நான் வாங்கித் தருகிறேன் என்று சொல்பவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். நடிகர் சங்கம் 1952இலிருந்து இருக்கிறது, உறுப்பினராக வேண்டுமென்றால் அதன் அலுவலகத்திலேயே நேராக விசாரிக்கலாம். ஆன்லைனில் பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துவிடுங்கள்.

பெண்களுக்கு இன்னொன்று. லாட்ஜ் அறையில் "கதை சொல்கிறேன்" என்றால் போகாதீர்கள். அலுவலகம், பகல் நேரம், கூட ஓர் ஆள். நான் முதல் மூன்று வருடம் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டுதான் போனேன். அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே பாதிப் பேர் ஒழுங்காகிவிடுவார்கள். வேலை இடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் படப்பிடிப்புத் தளத்துக்கும் பொருந்தும், புகார்க் குழு எங்கே என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. குழந்தைகளை நடிக்க அனுப்புபவர்களுக்கும் விதி உண்டு. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். கம்பெனிக்காரர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது என்று நினைப்பார்கள்.

பயணத்துக்கு வருவோம். உழவன் எக்ஸ்பிரஸ் இரவில் கும்பகோணம் வழியாகப் போகிறது. மன்னார்குடிப் பக்கம் இருப்பவர்களுக்கு மன்னை எக்ஸ்பிரஸ். ஸ்லீப்பர் தட்கல் முந்தின நாள் காலை 11 மணிக்குத் திறக்கும், நமக்கோ அழைப்பு சாயங்காலம் வருகிறது. ஆகவே முன்பதிவில்லாப் பெட்டி அல்லது பஸ். பஸ் முன்பு கோயம்பேட்டில் இறக்கிவிடும், சாலிகிராமத்துக்கு ஆட்டோவில் போய்விடலாம். இப்போது கிளாம்பாக்கத்தோடு சரி, அங்கிருந்து வடபழனிக்குக் காலை நெரிசலில் ஒன்றரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். அதனால் ரயில்தான் எனக்குப் பிடிக்கும். விடியற்காலையில் இறங்கி, எழும்பூர் பெண்கள் காத்திருப்பு அறையில் குளித்து, தலை வாரி, ஒரு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் நேரம் மிஞ்சும்.

பை எப்போதும் கதவுக்குப் பின்னால் தொங்கும். வெளிர் நிறத்தில் ஒரு நூல் புடவை, அடர் நிறத்தில் ஒன்று, வெள்ளைப் புடவை ஒன்று (அம்மா வேடக்காரிக்கு விதவைப் புடவை அவசியம்), உள்ளே தையல் பிரித்துப் பெரிதாக்கக்கூடிய ரவிக்கை மூன்று, ஊக்கு, சாந்துப் பொட்டு, கண்ணாடி வளையல், சார்ஜர், மாத்திரை, மெலிதான போர்வை. தளத்தில் நான் தவறாமல் செய்யும் காரியம், ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் என்னையே போனில் படம் எடுத்துக்கொள்வது. தலைப்பு எத்தனை மடிப்பு, டம்ளர் எந்தக் கையில், நெற்றிப் பொட்டு எவ்வளவு பெரிசு என்று பார்த்துக்கொள்ள. அதே காட்சியின் மீதியை எட்டு நாள் கழித்துக்கூட எடுப்பார்கள். கவனிக்க அவர்களிடமும் ஆள் இருப்பார், ஆனால் அவர் கதாநாயகியைக் கவனிப்பார்.

கடைசியாக, படம் வெளிவரும் நாள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு படத்தில் எனக்கு இரண்டு காட்சி, நல்ல வசனம். கும்பகோணத்தில் முதல் நாளுக்கு அத்தாச்சி, நாத்தனார், எதிர்வீட்டுப் பெண் என்று 14 பேருக்கு டிக்கெட் எடுத்தேன். இடைவேளை வந்தது, நான் வரவில்லை. படமும் முடிந்தது. ஒரு கதவு திறக்கும் காட்சியில் என் முழங்கை வந்ததாக வீட்டுக்காரர் சத்தியம் செய்தார். நீளம் கருதி வெட்டியிருக்கிறார்கள், யார் மேலும் கோபப்பட ஒன்றுமில்லை. மறுநாள் அந்த உதவி இயக்குநரை அழைத்து, வெட்டிய காட்சியை என் உபயோகத்துக்கு மட்டும் தரமுடியுமா என்று கேட்டேன். இரண்டு மாதம் விடாமல் கேட்டதும் அனுப்பிவைத்தார், அதைக் காட்டித்தான் அந்த நீதிபதி வேடத்தை வாங்கினேன். இப்போதெல்லாம் காலைக் காட்சிக்குத் தனியாகப் போய்விட்டு வருகிறேன். நான் இருந்தால், மாலைக் காட்சிக்கு அத்தாச்சியைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.